வாசகர் கேள்வி – பதில்: எச்சரிக்கை கடைசி வீடு வரை போய்ச் சேர்கிறதா?

ஏழை நாடுகள் பேரிடரை எதிர்கொள்வதில் தகவல்தொடர்புத் தொழில்நுட்பம் எந்த அளவுக்கு உதவும் என்று ஒரு வாசகர் கேட்டதற்கு, வங்காளதேசத்தை உதாரணமாகக் காட்டிச் சென்ற இதழில் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த நாட்டைப் பற்றியே மேலும் விளக்கம் கேட்கின்றன. ஆகவே இந்த இதழின் பகுதியை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்கள் ஒரே கேள்வியாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: 1970-இல் லட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட அதே கடற்கரையில் இப்போது புயலுக்கு இறப்பவர்கள் மிகச் சிலரே என்று எழுதியிருந்தீர்கள். செல்பேசியும் இணையமும் வந்ததுதானே இதற்குக் காரணம்?

பதில்: காரணங்களில் அதுவும் ஒன்று, முதல் காரணம் என்று சொல்ல மாட்டேன். 1970 நவம்பர் 12-ஆம் தேதி இரவு, அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த அந்நாட்டின் போலா பகுதியைத் தாக்கிய புயலில் மூன்று முதல் ஐந்து லட்சம் பேர் வரை இறந்திருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. 1991 ஏப்ரல் 29 அன்று சிட்டகாங் பக்கம் கரையைக் கடந்த புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் மாண்டார்கள். 2007 நவம்பரில் வந்த சிதர் புயலில் இந்த எண்ணிக்கை சுமார் 3,400 ஆகக் குறைந்தது. 2020 மே மாதத்தின் ஆம்பன் புயலில் இறந்தவர்களோ சில பத்துப் பேர்தான். இந்தப் புயல்கள் எல்லாம் ஒரே வலிமை கொண்டவை அல்ல என்பதையும், கரையைக் கடந்த இடமும் அப்போதைய கடல் ஏற்றமும் சேதத்தை மாற்றும் என்பதையும் ஒப்புக்கொண்ட பிறகும், இந்தச் சரிவு தற்செயலானது அல்ல என்று உறுதியாகச் சொல்லலாம்.

1970-இல் மக்களுக்குச் செய்தியே போகவில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். புயலுக்குப் பின் அங்கு நடந்த ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. பாதிக்கப்பட்ட பகுதியில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் புயல் வருவதை முன்கூட்டியே அறிந்திருந்தார்கள். ஆனால் உறுதியான கட்டடத்தில் போய்த் தங்கியவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான். புயல் வருவதை வானொலி சொன்னது; ஆனால் எங்கே போவது, எப்போது கிளம்புவது, கடல் எவ்வளவு உயரம் ஏறும் என்பதைச் சொல்ல அருகில் ஆள் இல்லை, போவதற்குக் கட்டடமும் இல்லை.

இந்த இரண்டு குறைகளையும் தீர்க்கத்தான் பிறகு பணமும் உழைப்பும் செலவிடப்பட்டன. செஞ்சிலுவை அமைப்பு 1972-இல் தொடங்கி, 1973-இல் அரசும் சேர்ந்துகொண்ட புயல் ஆயத்தத் திட்டத்தில் இன்று சுமார் 76,000 தொண்டர்கள் இருக்கிறார்கள். ஒரு குழுவுக்கு இருபது பேர், அதில் பத்துப் பேர் பெண்கள். எச்சரிக்கை சொல்வது, தங்குமிடத்துக்கு அழைத்துப் போவது, மீட்பது, முதலுதவி செய்வது, நிவாரணம் வழங்குவது என்று வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள். கூடவே, தூண்களின் மேல் உயர்த்திக் கட்டிய புயல் காப்பகங்கள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. அவற்றில் பல மற்ற நாட்களில் பள்ளிக்கூடங்களாக இயங்குகின்றன. ஆம்பன் வருவதற்கு முன் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டைவிட்டு நகர்த்த முடிந்தது என்றால், கதவைத் தட்டிச் சொல்ல ஆளும், போய்த் தங்க இடமும் இருந்ததே அதற்குக் காரணம். செயற்கைக்கோள் படமும் கணினிக் கணிப்பும் அந்தத் தொண்டருக்குக் கூடுதலாக ஒன்றிரண்டு நாள் அவகாசம் வாங்கித் தந்தன. அதுவே பெரிய உதவிதான். ஆனால் அவர் இல்லாவிட்டால் அந்த அவகாசம் யாருக்கும் பயன்பட்டிருக்காது.

கேள்வி: இன்று ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களிலும் செல்பேசி இருக்கிறது. ஒரே நேரத்தில் எல்லாருக்கும் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டால் போதாதா? தொண்டர்கள் எச்சரிக்கை சொல்லப் பயன்படுத்தும் கொடியும் கைச்சைரனும் மெகாபோனும் இந்தக் காலத்திலும் எதற்கு?

பதில்: முதலில், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் குறுஞ்செய்தி அனுப்ப முடியாது. குறுஞ்செய்தி ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியாகப் போவது. லட்சக்கணக்கான எண்களுக்கு அனுப்பும்போது அது வரிசையில் நின்று, நெரிசல் மிகுந்தால் மணிக்கணக்கில் தாமதமாகும். ஊரைவிட்டு வெளியே போயிருப்பவருக்கும் வந்து சேரும், ஊருக்குள் புதிதாக வந்திருப்பவருக்கு வராமல் போகும். இதற்கு மாற்று, செல் பிராட்காஸ்ட் எனப்படும் முறை. வானொலி நிலையம் போல டவர் ஒரே அறிவிப்பை ஒலிபரப்ப, அந்த டவரின் எல்லைக்குள் இருக்கும் செல்பேசிகள் எல்லாம் அதைச் சில நொடிகளில் பெற்றுக்கொள்கின்றன. யாருடைய எண்ணும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அழைப்பு நெரிசலும் அதைத் தடுக்காது. குறுஞ்செய்திக்குச் செலவிடும் பணத்தை இதற்குச் செலவிடுவதே அறிவுடைமை என்பது என் கருத்து.

ஆனால் அந்த முறைக்கும் டவர் உயிரோடு இருக்க வேண்டும், செல்பேசியில் மின்னூட்டம் இருக்க வேண்டும். இந்தோனேசியாவின் பாலு நகரில் 2018 செப்டம்பர் 28 அன்று நடந்ததை நினைத்துப் பாருங்கள். 7.5 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்ட சில நிமிடங்களில் அதிகாரிகள் சுனாமி எச்சரிக்கை விடுத்துவிட்டார்கள். ஆனால் நிலநடுக்கமே மின்சாரத்தையும் டவர்களையும் சாய்த்துவிட்டதால், அந்த எச்சரிக்கை கரையில் இருந்த பலரைச் சென்றடையவே இல்லை. அலையும் நிமிடக் கணக்கில் வந்துவிட்டது.

அடுத்தது, வீட்டில் செல்பேசி இருக்கிறது என்றால் அது யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி. வங்காளதேசத்தில் சொந்தமாகச் செல்பேசி வைத்திருக்கும் பெண்கள், ஆண்களைவிடக் குறைவு. பகலில் கணவர் அதை எடுத்துக்கொண்டு சந்தைக்கோ படகுக்கோ போய்விட்டால், குழந்தைகளோடும் முதியவர்களோடும் வீட்டில் இருப்பவருக்கு எச்சரிக்கை வராது. இதன் விலை என்ன என்பதை 1991 புயல் காட்டியது. அப்போது 20 முதல் 44 வயது வரையிலான ஆண்களில் ஆயிரத்துக்கு 15 பேர் இறந்தார்கள். அதே வயதுப் பெண்களில் ஆயிரத்துக்கு 71 பேர் இறந்தார்கள். கணவர் வரட்டும் என்று காத்திருந்தவர்கள், அந்நிய ஆண்கள் நிறைந்த காப்பகத்தில் போய்த் தங்கத் தயங்கியவர்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு புடவையோடு நீரில் நடக்க முடியாதவர்கள் என்று இதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. பெண் தொண்டர் ஒருவர் முற்றத்தில் நின்று, "கிளம்புங்கள், காப்பகத்தில் பெண்களுக்குத் தனி அறை இருக்கிறது, நானும் வருகிறேன்" என்று சொல்வதை எந்தக் குறுஞ்செய்தியாலும் ஈடுசெய்ய முடியாது. தொண்டர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று வைத்ததை, அங்கு நடந்த எந்தத் தொழில்நுட்ப மாற்றத்துக்கும் குறைவானதாக நான் மதிக்க மாட்டேன்.

படிக்கத் தெரியாதவர்களுக்காக அங்கே ஓர் எளிய ஏற்பாடும் உண்டு. 1090 என்ற எண்ணைக் கட்டணமின்றி அழைத்தால், வானிலையும் எச்சரிக்கையும் பதிவு செய்த குரலில் வங்க மொழியில் கேட்கும். மலிவான பட்டன் போனிலும் அது வேலை செய்யும்.

கேள்வி: துறைமுகங்களில் எட்டாம் எண், பத்தாம் எண் என்று புயல் கூண்டு ஏற்றுவது போல வங்காளதேசத்திலும் எண்கள் உண்டாமே? எண்ணைச் சொன்னால் ஆபத்தின் அளவு மக்களுக்குப் புரிந்துவிடாதா?

பதில்: புரியாது, தவறாகப் புரியும் என்பதுதான் சிக்கல். அந்த எண்கள் கப்பல் மாலுமிகளுக்காக வகுக்கப்பட்டவை. எட்டு, ஒன்பது, பத்து மூன்றுமே ஒரே அளவான பேராபத்தைக் குறிக்கின்றன. புயல் துறைமுகத்தின் ஒரு பக்கமாகக் கடக்கப்போகிறதா, மறுபக்கமாகவா, அல்லது நேர் மேலேயேவா என்பதில்தான் வேறுபாடு. ஐந்து, ஆறு, ஏழுக்கும் இதே கணக்குத்தான். கப்பலை எந்தத் திசையில் திருப்புவது என்று முடிவெடுக்க வேண்டிய மாலுமிக்கு அந்த வேறுபாடு உயிர் காக்கும். கரையோர விவசாயிக்கோ ஒரு பயனும் இல்லை. "இப்போது எட்டுத்தானே, பத்து வரட்டும்" என்று அவர் உட்கார்ந்துவிடும் அபாயம்தான் மிச்சம். கடல் எத்தனை அடி உயரும், எத்தனை மணிக்கு உயரும் என்று அவருக்குத் தேவையான எதையும் எண் சொல்வதில்லை.

தொண்டர்கள் இதைச் சிவப்புக் கொடிகளாக மாற்றிக்கொண்டார்கள். ஆபத்து ஏற ஏறக் கொடி ஒன்று, இரண்டு, மூன்று என்று கூடும். எட்டு, ஒன்பது, பத்து எதுவானாலும் மூன்று கொடிதான். எழுத்தறிவு வேண்டாம், மின்சாரம் வேண்டாம், தூரத்திலிருந்தே தெரியும். மூன்று கொடி என்றால் வீட்டைவிட்டுக் கிளம்பு என்று பொருள்.

அந்தப் பழைய மாலுமிக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்தது பதினோராம் எண். வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, பெரும்புயல் வரக்கூடும் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பது அதன் பொருள். செய்தி வராததையே எச்சரிக்கையாகக் கொள்ளும் ஏற்பாடு அது. இன்றைய செல்பேசியில் சிக்னல் போய்விட்டால் திரையில் ஒரு சிறு குறி மட்டும் மாறுகிறது; அதைப் பார்த்து யாரும் மூட்டை கட்டுவதில்லை.

கேள்வி: வங்காளதேசம் சொந்தமாகச் செயற்கைக்கோள் வைத்திருக்கிறது. அப்படியிருந்தும் புயலைக் கண்காணிக்க மற்ற நாடுகளை ஏன் நம்ப வேண்டும்?

பதில்: 2018 மே மாதத்தில் பங்கபந்து-1 என்ற பெயரில் ஏவப்பட்ட அந்தச் செயற்கைக்கோள் தகவல்தொடர்புக்கானது. மேகத்தைப் படம்பிடிக்கும் கருவி அதில் இல்லை. தொலைக்காட்சியையும் தரவையும் கடத்துவதே அதன் வேலை. வங்கக் கடலின் புயல்களைப் படம்பிடிப்பவை ஜப்பானின் ஹிமாவாரி, இந்தியாவின் இன்சாட் வரிசை முதலான வானிலைச் செயற்கைக்கோள்கள். புதுதில்லியில் உள்ள மண்டலப் புயல் மையம் சுற்றியுள்ள நாடுகளுக்கெல்லாம் கணிப்பை அனுப்புகிறது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. புயல் எல்லை பார்த்து வருவதில்லை, எல்லா நாடும் தனித்தனியாக வானிலைச் செயற்கைக்கோள் விடுவது வீண் செலவு.

தகவல்தொடர்புச் செயற்கைக்கோளின் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. தரையில் கம்பியும் டவரும் விழுந்துவிட்ட இடத்தில், விசாட் எனப்படும் சிறு தட்டு ஆண்டெனாவை ஒரு ஜெனரேட்டரோடு இணைத்துவிட்டால், மாவட்ட நிர்வாகமும் மீட்புப் படையும் பேசிக்கொள்ளலாம். 2022 ஜூன் மாதத்தில் சில்ஹெட், சுனாம்கஞ்ச் மாவட்டங்களில் வந்த வெள்ளத்தில் அப்படிப் பயன்பட்டது. ஆனால் தட்டு ஆண்டெனா வெள்ளத்துக்கு முன்பே அந்த மாவட்டத்தில் இருக்க வேண்டும். தலைநகரக் கிடங்கில் இருக்கும் கருவியை, சாலை மூழ்கிய பிறகு ஏற்றிப்போவது எப்படி?

கேள்வி: வெள்ளம் வந்தவுடன் முதலில் செல்பேசிதான் செயலிழக்கிறது. டவர் இரும்பால் ஆனது, உயரமானது; அது ஏன் இவ்வளவு எளிதில் செத்துப்போகிறது?

பதில்: டவர் பெரும்பாலும் விழுவதில்லை, பட்டினி கிடந்து சாகிறது. அதன் உயரம் ஆண்டெனாவுக்குத்தான். மின்சாதனப் பெட்டியும் மின்கல அடுக்கும் தரையில் இருக்கும். மின்சாரம் போனால் மின்கலம் சில மணி நேரம் தாங்கும். பிறகு ஜெனரேட்டர்; அதற்கு டீசல் கொண்டுபோக வேண்டிய சாலையில் இடுப்பளவு நீர். சில்ஹெட்டில் துணை மின்நிலையமே மூழ்கி ஊர் முழுவதும் இருண்டது. 2024 மே மாதத்தின் ரெமல் புயலில் ஆயிரக்கணக்கான டவர்கள் நின்றுபோனதற்கும் மின்வெட்டே முக்கியக் காரணம். அதே ஆண்டு ஆகஸ்டில் பெனி மாவட்டம் மூழ்கியபோது அங்கிருந்த டவர்களில் மிகப் பெரும்பகுதி நின்றுவிட, வெளிநாட்டிலும் தலைநகரிலும் இருந்த உறவினர்களால் வீட்டுக்காரர்கள் கூரையில் இருக்கிறார்களா என்பதைக்கூடத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

இதற்கான தீர்வுகள் பத்திரிகைகளில் தலைப்புச் செய்தியாகும் அளவுக்குக் கவர்ச்சியானவை அல்ல. வெள்ள மட்டத்துக்கு மேல் சாதனங்களை உயர்த்தி வைப்பது, ஓர் ஒன்றியத்துக்குச் சில டவர்களையாவது தேர்ந்து அவற்றுக்குச் சூரியத் தகடும் இரண்டு மூன்று நாள் தாங்கும் மின்கலமும் தருவது, மழைக்காலத்துக்கு முன்பே டீசலை அருகில் சேமிப்பது, ஒரு நிறுவனத்தின் டவர் நின்றால் அதன் வாடிக்கையாளர் மற்றொரு நிறுவனத்தின் டவரில் பேச அனுமதிப்பது ஆகியவையே அவை. கடைசியாகச் சொன்னதற்குச் செலவு மிகக் குறைவு. போட்டி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் உத்தரவை வெள்ளத்துக்கு முன்பே ஒழுங்குமுறை ஆணையம் போட்டு வைத்திருந்தால் போதும்.

ஒரே கம்பியை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்குப் பசிபிக் தீவு நாடான டோங்கா உதாரணம். 2022 ஜனவரி 15-இல் அங்கு கடலடி எரிமலை வெடித்தபோது, நாட்டை உலகோடு இணைத்திருந்த ஒரே ஆழ்கடல் கேபிள் அறுந்தது. அதைச் சரிசெய்ய ஐந்து வாரம் ஆயிற்று.

கேள்வி: ஆழ்கடலில் மீன்பிடிப்பவர்களுக்கு என்ன வழி?

பதில்: செல்பேசியை நம்ப முடியாது. பழைய 2ஜி செல்பேசிகளின் ஜிஎஸ்எம் முறையில், ஆண்டெனா எவ்வளவு உயரத்தில் இருந்தாலும், வழக்கமான அமைப்பில் 35 கிலோமீட்டருக்கு அப்பால் இணைப்பு கிடைக்காது. அதற்கு மேல் போகும் படகுக்கு மத்திய அலை வானொலிதான் மலிவான துணை. படகில் கைவானொலியும், இரண்டு செட் மின்கலமும், குறிப்பிட்ட நேரச் செய்தியைத் தவறாமல் கேட்கும் பழக்கமும் வேண்டும். இது ஒருவழிப் பாதை; படகு ஆபத்தில் இருப்பதை அது கரைக்குச் சொல்லாது. அதற்கு செயற்கைக்கோள் வழி இயங்கும் அபாய அறிவிப்புக் கருவி தேவை. ஏழைப் படகுக்காரர் அதைத் தன் கைக்காசில் வாங்குவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கேள்வி: லட்சக்கணக்கானவர்களை வெளியேற்றிய பின் புயல் திசைமாறிப் போனால், அடுத்த முறை மக்கள் நம்புவார்களா?

பதில்: 2023 மே 14-இல் மோகா புயலின்போது இதுதான் நடந்தது. வங்காளதேசத்தின் தென்கிழக்குக் கடற்கரையில் உள்ள காக்ஸ் பஜாருக்குப் பத்தாம் எண் அறிவிக்கப்பட்டது, லட்சக்கணக்கானவர்கள் நகர்ந்தார்கள், புயலின் மையமோ மியான்மரின் சிட்வே அருகே கரையேறியது. இது பொய் எச்சரிக்கை அல்ல. எந்தக் கணிப்பிலும் சில பத்துக் கிலோமீட்டர் பிழை இருக்கும். அதை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் மக்கள் புரிந்துகொள்கிறார்கள்.

மக்கள் கிளம்பத் தயங்குவதற்கு அவநம்பிக்கை ஒரு காரணம்தான். பூட்டிவிட்டுப் போகும் வீட்டில் திருட்டு நடக்குமா, மாட்டை என்ன செய்வது, காப்பகத்தில் குடிநீரும் கழிப்பறையும் இருக்கின்றனவா என்ற கவலைகள் அதைவிடப் பெரியவை. இரண்டு மாடுதான் சொத்து என்றிருப்பவரிடம் அதை விட்டுவிட்டு வா என்றால் வரமாட்டார். கால்நடைகளை ஏற்ற அங்கே கில்லா எனப்படும் உயர்ந்த மண்மேடுகள் அமைத்திருக்கிறார்கள். எச்சரிக்கை அறிவிப்பிலேயே, "மாடுகளை இந்த மேட்டுக்கு ஓட்டி வாருங்கள்" என்ற வரி இருந்தால் அது கேட்கப்படும்.

கேள்வி: காக்ஸ் பஜாரில் உள்ள ரோஹிங்கியா அகதிகளுக்கும் இந்த ஏற்பாடுகள் உண்டா?

பதில்: ஓரளவு உண்டு. முகாம்களுக்குள்ளேயே ஆட்களைத் தேர்ந்து, கொடி முறையிலும் முதலுதவியிலும் பயிற்சி தந்திருக்கிறார்கள். ஆனால் 2019 செப்டம்பரிலிருந்து ஏறக்குறைய ஓராண்டு காலம், பாதுகாப்புக் காரணம் சொல்லி முகாம் பகுதியில் அதிவேக இணையம் முடக்கப்பட்டிருந்தது. சிம் அட்டை விற்பனைக்கும் தடை இருந்தது. மூங்கிலும் தார்ப்பாயும் கொண்ட குடிசைகளில், மண்சரிவு நேரும் குன்றுகளில், ஏறக்குறைய பத்து லட்சம் பேர் வாழும் இடத்தில் தகவலை அடைப்பது எந்தப் பாதுகாப்பைக் கூட்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

கேள்வி: ஒரு சாதாரணக் குடும்பம், தகவல்தொடர்பைப் பொறுத்தவரை, முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியவை என்ன?

பதில்: எச்சரிக்கை வந்தவுடன் எல்லாச் செல்பேசிகளையும் பவர் பேங்க்கையும் முழுமையாக மின்னூட்டிக்கொள்ளுங்கள், வீட்டில் ஒரு செல்பேசியை அணைத்து வைத்துவிடுங்கள், முதலாவது தீர்ந்த பிறகு அதை எடுக்கலாம். முக்கியமான எண்களைத் தாளில் எழுதி நெகிழி உறைக்குள் வையுங்கள். செல்பேசி நனைந்துவிட்டால், பிறருடைய செல்பேசியை வாங்கினாலும் எண் நினைவுக்கு வராது. நெரிசல் நேரத்தில் அழைக்காதீர்கள். குறுஞ்செய்தி அனுப்புங்கள், அது வழி கிடைக்கும்போது தானாகப் போய்ச் சேரும். வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவரை முன்பே முடிவு செய்துகொண்டு, சிதறிப்போன ஒவ்வொருவரும் அவருக்கு மட்டும் தகவல் சொல்வது என்று வைத்துக்கொண்டால், ஒருவரையொருவர் மாறி மாறி அழைத்து மின்னூட்டத்தைத் தீர்க்க வேண்டியிருக்காது. கைவானொலி இருந்தால், அதன் மின்கலத்தை இன்றே மாற்றிப் பாருங்கள். பல வீடுகளில் அது உள்ளேயே கசிந்து, தகட்டைத் தின்றுவிட்டிருக்கும்.